இடியாப்ப வண்டி

கஜலட்சுமிக்கு இரண்டு குரல். ஒன்று அவள் வாயில் இருக்கிறது. அது சந்து முனை வரைக்கும் கேட்கும். இன்னொன்று அவள் புருஷன் தயாளனின் மோட்டார் சைக்கிளில் கட்டிய ஸ்பீக்கரில் இருக்கிறது. அது தினமும் அடையாறு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும். "இடியாப்பம்… சூடான இடியாப்பம்… தேங்காப்பாலு கீது, வடகறி கீது… பாத்திரம் எத்துக்கினு வாங்கம்மா…" மந்தைவெளியிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் காலை டிபனைப் பற்றி யோசிப்பார்கள்.

ஏன் பொண்டாட்டி குரல் என்றால், தயாளனிடம் அந்தச் சரக்கு கிடையாது. நல்ல உயரம், நல்ல உடம்பு, குரல் மட்டும் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கூச்சக்காரன். "இடியாப்பம்" என்று அவன் கத்தினால் பக்கத்தில் நிற்கிறவர், "என்னையா கூப்பிட்டீங்க?" என்று திரும்பிப் பார்ப்பார். அதனால் கஜலட்சுமி தன் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டு, அதன் வயரை வண்டி பேட்டரியில் கொடுத்துவிட்டாள். வண்டியில் கரண்ட் இருக்கிற வரைக்கும் அவள் பேசிக்கொண்டிருப்பாள். கரண்ட் போனால் வண்டியும் நிற்கும், அவள் வாயும் நிற்கும்.

முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் அவர்கள் வீடும் என் வீடும் எதிரெதிர் வாசல். நடுவில் வண்டி நிற்கும். நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இனிமேலாவது விடியும்வரை தூங்கலாம் என்று கனவு கண்டேன். எங்கே? இருட்டோடு இருட்டாக எழுந்து கஜலட்சுமி இடியாப்ப உரலில் மாவு போட்டுப் பிழிய ஆரம்பித்துவிடுவாள். பிரம்புத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவள் ஆவியில் ஏற்ற, தயாளன் எட்டிப் பிடித்து இறக்க, இரண்டு பேரும் அந்தச் சின்ன அடுப்படியில் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் நடமாடுவதே ஒரு வித்தை. நான் ஜன்னலைத் திறந்து திட்ட வாயெடுப்பேன். அதற்குள் ஒரு தட்டில் இரண்டு இடியாப்பமும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வந்துவிடும். அப்புறம் என்னத்தைத் திட்டுவது?

போன ஐப்பசி மழையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வண்டியின் முன்பக்கம் ஹெட்லைட்டுக்குக் கீழே கஜலட்சுமி அமாவாசைக்கு அமாவாசை திருஷ்டி கட்டுவாள்: ஒரு எலுமிச்சம்பழம், நாலைந்து பச்சைமிளகாய், ஒரு கரித்துண்டு, எல்லாம் நூலில் கோத்தது. எங்கள் பக்கத்தில் பழத்தைப் 'பயம்' என்றுதான் சொல்வோம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், எங்களுக்கு ஒரு நாளும் குழம்பியதில்லை. அன்றைக்கு மழையில் நனைந்து நனைந்து நூல் இற்றுப்போய் அறுந்து, பழம் ரோட்டில் விழுந்து, அவன் சக்கரமே அதை நசுக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரு.வி.க. பாலத்து இறக்கத்தில் மணல் சறுக்கி அவனும் விழுந்தான். முட்டியில் தையல், முழங்கையில் சிராய்ப்பு. தேங்காய்ப்பால் தூக்கு கவிழ்ந்து பால் ரோட்டில் ஓடியதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னபோது கஜலட்சுமி மாவுக் கையோடு கோயில் பக்கம் ஓடினாள், பாலத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்றுகூடத் தெரியாமல்.

அதற்குப் பிறகு நூலை அவள் நம்பவில்லை. கோயில் வாசலில் திருஷ்டிப் பழம் விற்கிற தாயம்மாவிடம் சொல்லி, கட்டுக்கம்பியில் கோத்து வாங்கினாள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கிற வயர்க் கற்றையோடு சேர்த்துச் சுற்றி, என்னிடமே குறடு வாங்கி முறுக்கினாள். "இனிமே அறுவாது மாமா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த மாதத்திலிருந்து வண்டிக்கு முறைக்காய்ச்சல் மாதிரி ஒரு நோய் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு தெருவில் திரும்பும்போது பொசுக்கென்று எல்லாம் அணைந்துவிடும். ஹாரன் இல்லை, லைட் இல்லை, இன்ஜின் இல்லை, கஜலட்சுமி இல்லை. திறந்து பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கும். வேறு ஃபியூஸ் போட்டால் நாலு நாள் ஓடும், இல்லாவிட்டால் நாலு தெரு ஓடும். சில நாள் ராத்திரி நன்றாக வந்து, ஹேண்டிலை ஒடித்துப் பூட்டி வைத்த வண்டி காலையில் செத்துக் கிடக்கும். அதற்குள் பெட்டியில் இடியாப்பம் ஆறிவிடும். ஆறின இடியாப்பத்தை யார் வாங்குவார்கள்? தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவான். அவள் அதை உதிர்த்துத் தாளித்து எங்களுக்கெல்லாம் கொடுப்பாள். சந்தே உதிர்த்த இடியாப்பம் சாப்பிட்டுக் கொழுத்தது.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னோம். பேட்டரி வீக் என்று ஒருவர். சுவிட்சில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று ஒருவர். நான் சும்மா இருப்பேனா? பஸ்ஸில் நடந்த கதைகளையெல்லாம் சொல்லி டைனமோதான் என்று அடித்துச் சொன்னேன். அந்த வண்டியில் டைனமோவே கிடையாது என்று தயாளன் அப்புறம் மெதுவாகச் சொன்னான், என் மனசு நோகாத அளவுக்கு.

மீர்சாகிப்பேட்டையில் ஹபீபுர் ரஹ்மான் என்ற ஹபீப் பாய்தான் அவனுக்கு மெக்கானிக். நானும் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து போனேன். வண்டி கடைக்குள் நுழைந்ததும் பாய் முதலில் செய்த வேலை, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அந்தப் பழத்தைக் கம்பியோடு அவிழ்த்தது. சுவரில் டியூப்கள் தொங்குகிற ஆணிகளையெல்லாம் விட்டுத் தள்ளி, சுத்தமாக இருந்த தனி ஆணியில் மாட்டினார். "தங்கச்சி வேண்டிக்கினு கட்னது. நம்ப கிரீஸ் அதும்மேல படக்கூடாது" என்றார். பிறகு அரைநாள் டெஸ்ட் லாம்ப்பை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஒடித்தார். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஒரு குறையும் இல்லை. வேலை முடிந்ததும் மறுபடி கையைக் கழுவி வந்து, அவள் கட்டியிருந்த அதே இடத்தில், அதே முறுக்கில், பழத்தைக் கட்டிக் கொடுத்தார். வருகிற வழியில் லஸ் முனையில் திரும்பும்போது வண்டி நின்றது.

அடுத்த தடவை பாய் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டார். பேட்டரியில் கொடுத்த வயர்தான் வம்பு என்று கழற்றிவிட்டார். அந்த வாரம் தயாளன் தன் சொந்தக் குரலில் வியாபாரம் செய்தான். காந்தி நகரில் ஒரு அம்மா, "ஏம்ப்பா, உன் சம்சாரம் ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டாளாம். பாதிப் பெட்டி திரும்பி வந்தது. அந்த வாரமும் வண்டி நிற்கத்தான் செய்தது. பாய் ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினார்.

கஜலட்சுமிக்குப் பயம் முற்றிவிட்டது. நஷ்டம் அவளுக்குப் பெரிதில்லை. ஒருநாள் அந்தப் பாலத்துமேல், பின்னால் பஸ் வரும்போது நின்றுவிட்டால்? வண்டி நிற்க நிற்க அவள் இன்னும் பெரிய பழமாகப் பார்த்து வாங்கினாள், இன்னும் அழுத்தி முறுக்கினாள். அவள் தம்பி பிரபு வேளச்சேரியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டிகளுக்குச் சூப்பர்வைசர். தயாளன் மாமாவுக்கு வேலை இருக்கிறது, அங்கேயே தங்க ரூம் தருவார்கள், வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்த அமாவாசைக்குள்ள வண்டி சரியாவுணும். இல்லன்னா வித்துட்டு நீ வேளச்சேரிக்குப் போய்டு. என் கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருந்தாலும் பரவால்ல, முழுசா இரு."

தயாளன் வாசற்படியில் உட்கார்ந்து பிரம்புத் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த அடுப்படியை விட்டுப் போக மனசில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம், அவன்மேல் அதைவிடக் கோபம். வாயைத் திறந்து மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன முத்தா உதிர்ந்துவிடும்?

அமாவாசைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே வண்டி வாசலில் செத்துக் கிடந்தது. தயாளன் போனில் சொன்னதும், தொழுகை முடித்த கையோடு ஹபீப் பாய் தலையில் தொப்பியும் தோளில் டூல்ஸ் பையுமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நோய் கடைக்கு வரமாட்டேன் என்கிறது, அதனால் நோய் இருக்கிற இடத்துக்கே வந்துவிட்டேன் என்றார். என் ஜன்னலுக்குக் கீழேயே பலகை போட்டு உட்கார்ந்தார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முன்பக்கம் கை வைக்கப் போனவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே பழத்தை மாட்ட ஆணி இல்லை. தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"தங்கச்சி, உன் பயத்த நீயே வந்து அவுத்து வச்சிக்கயேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கை மாவா கீது பாய். சலிச்சிட்டு வந்துர்றேன்" என்றாள் அவள்.

அவள் வருகிற வரைக்கும் பாய் அதைத் தொடவில்லை. சும்மா இருக்க முடியாத கை, புது ஃபியூஸைப் போட்டது, சாவியைத் திருகியது. ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்தார், ஒன்றுமில்லை. இடப்பக்கம் முழுசாக ஒடித்தார். பழத்துக்குப் பின்னால் மினுக்கென்று ஒரு பொறி. லைட் அணைந்துவிட்டது. பாய் அப்படியே குனிந்தபடி நின்றார். இன்னொரு ஃபியூஸ் போட்டார், இடப்பக்கம் ஒடித்தார், மறுபடி பொறி, மறுபடி போச்சு. எனக்கே தெரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்திருந்த தயாளன் எழுந்து நின்றுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குறடை வாங்கி முறுக்கை அவிழ்த்து, பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பாய் மூன்றாவது ஃபியூஸ் போட்டு இடப்பக்கம் ஒடித்தார். லைட் நின்று எரிந்தது. ஹாரனை அழுத்தினார். அது சந்து முழுக்கக் கேட்டது.

"கண்டுபுட்ச்சிட்டியா பாய்?" என்றாள்.

ஹபீப் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். தயாளனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், பாவம். "எலி தங்கச்சி. எலி கட்ச்சிக்கீது. வயர ஓட்ட போட்டுக்கீது" என்றார்.

அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். முறுக்கி விட்ட நுனி கருகியிருந்தது. வயர்களுக்கு நடுவில் ஊசி மாதிரி இறங்கி, ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் வண்டி பாடியில் உரசின நுனி. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எலிக்குப் பல்லு இவ்ளோ நீளமா பாய்?" என்று கேட்டாள்.

அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டுப் பேசுகிற பெண் சத்தமில்லாமல் அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பாய் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் தப்பும் அதில் பாதி என்றார். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்து வைத்ததால்தான் குறை கண்ணில் படவில்லை. வேலை முடிந்ததும் அவள் கட்டின மாதிரியே முறுக்கி அனுப்பியவரும் அவர்தான். அந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, வெறும் ஊசி குத்தினது, இனி பயமில்லை என்று சொல்லி வயரை மாற்றி டேப் சுற்றினார். போகும்போது அவள் எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள். அதையும் அழுதுகொண்டே போட்டாள்.

வண்டி சரியாகிவிட்டது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சாயங்காலம் அவள் மாவு வறுக்கவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. நான் போய்க் கேட்டேன். இனிமேல் அந்த வண்டிமேல் தன் கை படாது என்றாள். சரி, கட்டாமல் விடேன் என்றேன். கட்டாமல் அவனை ரோட்டுக்கு அனுப்பவும் முடியாது என்றாள். கட்டவும் மாட்டாள், கட்டாமல் விடவும் மாட்டாள். அவன் வேளச்சேரிக்கே போகட்டும், பிரபுவுக்குப் போன் போடப் போகிறேன் என்றாள். முப்பது பேர் ஏறுகிற பஸ்ஸில் நூறு பேரைச் சமாளித்தவன், ஒரு பெண்பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் நின்றேன்.

அப்போதுதான் தயாளன் வெளியிலிருந்து வந்தான். கையில் எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், ஒரு கரித்துண்டு, ஒரு பூக்கட்டுகிற நூல்கண்டு. தாயம்மாவிடம் கோக்காமல் உதிரியாக வாங்கி வந்திருக்கிறான். எல்லாவற்றையும் அவள் மடியில் வைத்தான்.

"கட்டு" என்றான்.

"நான் மாட்டன்யா. உன்ன காப்பாத்தணும்னு கட்னேன். நானே உன்ன நடுரோட்டுல நிக்க வச்சிட்டேன். பாலத்துமேல எதுனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"ஆவல இல்ல."

"ஆயிருந்தா?"

தயாளன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. "இம்மே, கம்பி தான் தப்பு. பயம் இன்னா பண்ணுச்சி? நீ இன்னா பண்ண? எனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு தான கட்ன. வெறும் வண்டிய எத்துக்கினு போனா எனுக்கே ஒரு மாதிரி கீது. நூல்ல கட்டு. நூலுன்னா அறும். அறுந்தா இன்னா? மறுபடி கட்டு. அறுவாம கட்டணும்னு நெனச்சியே, அதான் வெனையாச்சி." நூல்கண்டை எடுத்து அவள் கையில் வைத்து, "நான் வேளச்சேரிக்குப் போவல. இங்கதான் இருப்பேன்" என்றான். அது அடுப்படியைத் தாண்டி என் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் நூல்கண்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

அமாவாசை விடியலில் உரல் சத்தம் கேட்டபோது எனக்குத் திட்டத் தோன்றவில்லை. எழுந்து வாசலுக்கே வந்துவிட்டேன். பக்கத்துப் பறக்கும் ரயில் பாலத்துமேல் முதல் ரயில் தடதடத்துப் போனது. பெட்டியைக் கட்டினார்கள், பால் தூக்கை மாட்டினார்கள். கஜலட்சுமி சூடம் ஏற்றிச் சுற்றினாள். பழத்தை ஊசி நூலில் கோத்து, வயர் பக்கமே போகாமல் ஹேண்டில்பார் கண்ணாடியின் கம்பியில் கட்டினாள். முடிச்சு நழுவி நழுவி மூன்றாவது தடவைதான் விழுந்தது. தயாளன் சாவியைத் திருகினான். அவள் இரண்டாவது குரல் சந்தில் கிளம்பியது.

எங்கள் சந்து முனையில் ஒரு அடிபம்பு உண்டு. அதைச் சுற்றித் திரும்ப ஹேண்டிலை இடப்பக்கம் முழுசாக ஒடிக்க வேண்டும். இருட்டில் வண்டி தெரியவில்லை, குரல்தான் தெரிந்தது. "சூடான இடியாப்பம்…" போய்க்கொண்டிருந்தது. அடிபம்பு வந்தது. குரல் அதற்குமேல் போகவில்லை.

"நின்னுடுச்சி மாமா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் காது கொடுத்துக் கேட்டேன். குரல் நகரவில்லையே தவிர நிற்கவில்லை. "தேங்காப்பாலு கீது… வடகறி கீது…" என்று அதே இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. இன்ஜினும் துடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது. அப்புறம் ஏன் நிற்கிறான்?

இருட்டிலிருந்து தயாளன் நடந்து வந்தான். உள்ளங்கையில் பழம், தொங்குகிற நூல். மேடு பள்ளத்தில் குதித்ததில் அறுந்து விழுந்திருக்கிறது. அமாவாசை அன்று, கிளம்பின இடத்திலேயே. போன ஐப்பசியில் இப்படிக் கிளம்பும்போதே அறுந்திருந்தால் அவள் அவனை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவன் கையை நீட்டினான். "அறுந்துடுச்சி. மறுபடி கட்டு."

கஜலட்சுமி பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை வாங்கி முந்தானையில் துடைத்தாள். உள்ளே போய் நூல்கண்டை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அவனுக்கு முன்னால் அடிபம்பை நோக்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன். ஸ்பீக்கரில் அவள் ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் நின்று வாயே திறக்காமல் கட்டினாள். ஒரு முடிச்சு போட்டாள், அதன்மேல் இன்னொரு முடிச்சு போட்டாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போய்யா" என்றாள். "ஆறிடப் போவுது."